ஊசிமுனை வைத்தியம் உழைப்பவர்க்கு எட்டாக்கனியா?

கூலிக்காரன் நோயில் விழுந்தால் வைத்தியச் செலவு ஒரு பங்கு. வேலைக்குப் போகாத நாட்களின் நட்டம் இன்னொரு பங்கு. இந்த இரண்டாம் பங்கை எந்த ஆஸ்பத்திரிச் சீட்டிலும் எழுதுவதில்லை. வட்டிக்காரன் நோட்டில்தான் அது பதிவாகிறது. தாராவியிலும் ஆண்டாப் ஹில்லிலும் கோலிவாடாவிலும், மும்பைக்கு அப்பால் டில்லியிலும் சூரத்திலும் பிழைப்புத் தேடி வந்து வேரூன்றிய நம் குடும்பங்களுக்கு இதைப் புதிதாக எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அறுவைச் சிகிச்சை வெற்றியாக முடிந்து ஆள் வீடு திரும்பிய பிறகும், இரண்டு மாதம் எழுந்து உட்கார முடியாமல், அதற்குள் மகள் காதில் கிடந்த தோடும் போய், மகன் பள்ளியை விட்டு வேலைக்குப் போன கதைகள் நம் சந்துக்குச் சந்து கிடைக்கும்.

ஆகவே புதிய வைத்தியம் ஒன்று வந்திருக்கிறது என்று யாரேனும் சொன்னால், நாம் கேட்க வேண்டிய கேள்விகளில் ஒன்று இது: ஆளை எத்தனை நாளில் எழுப்பி நிறுத்தும்?

இந்தக் கேள்விக்கு நல்ல பதில் சொல்லக்கூடிய ஒரு வைத்தியம் இருக்கிறது. மருத்துவர்கள் அதை 'இன்டர்வென்ஷனல் ரேடியாலஜி' என்கிறார்கள். நாம் ஊசிமுனை வைத்தியம் என்றே சொல்வோம். வயிற்றைக் கிழிக்காமல், விலாவை விலக்காமல், ஸ்கேன் படத்தைப் பார்த்துக்கொண்டே ஓர் ஊசியை அல்லது மெல்லிய குழாயை உடலுக்குள் செலுத்தி, உள்ளே இருக்கும் கட்டியைச் சுட்டோ, உறைய வைத்தோ, அதற்குப் போகும் ரத்தத்தை அடைத்தோ அழிக்கும் முறை அது. பொருந்துகிற நோயாளி பெரும்பாலும் ஓரிரு நாளில் வீடு திரும்பிவிடுகிறார்.

நியாயமாகப் பார்த்தால் இந்த வைத்தியம் நாட்கூலியில் வாழ்பவருக்கே முதலில் கிடைத்திருக்க வேண்டும். நடப்பது தலைகீழ். படுத்திருந்தாலும் சம்பளம் வரும், விடுப்பு உண்டு, காப்பீடு உண்டு என்று இருப்பவருக்கு அது முதலில் கிடைக்கிறது. ஒரு நாள் படுத்தால் ஒரு நாள் அடுப்பு எரியாத வீட்டுக்குக் கடைசியில் வருகிறது. பல வேளைகளில் வருவதே இல்லை. இந்த அநியாயத்தைக் கேட்க வேண்டியவர்கள் நாமே.

எங்கிருந்து வந்தது?

இது நேற்று முளைத்த மாயவித்தை அல்ல. 1964-ஆம் ஆண்டு ஜனவரி 16-ஆம் நாள், அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகர மருத்துவமனையில் 82 வயது மூதாட்டி ஒருவர் கிடந்தார். காலுக்குப் போகும் ரத்தம் தடைப்பட்டு, பாதம் அழுகத் தொடங்கியிருந்தது. காலை எடுத்துவிட வேண்டும் என்றார்கள் அறுவை மருத்துவர்கள். முடியாது என்று கிழவி மறுத்துவிட்டார். சார்லஸ் டாட்டர் என்ற எக்ஸ்ரே மருத்துவர் மெல்லிய குழாய் ஒன்றை ரத்தக் குழாய்க்குள் செலுத்தி, எக்ஸ்ரே திரையில் பார்த்துக்கொண்டே குறுகிய இடத்தை அகலப்படுத்தினார். கால் பிழைத்தது. அதன்பின் சாகும்வரை அந்த அம்மையார் தம் சொந்தக் காலிலேயே நடந்தார்.

அடுத்த பெரிய அடியை எடுத்து வைத்தவர் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்ட். இங்கிலாந்தில் உழவர் வீட்டில் பிறந்தவர். பல்கலைக்கழகப் பட்டம் பெறாத பொறியாளர். இசைத்தட்டுகளால் ஊரறிந்த இ.எம்.ஐ. நிறுவனத்தில் வேலை பார்த்தவர். அவர் உருவாக்கிய சி.டி. ஸ்கேன் கருவியில் 1971-ஆம் ஆண்டு லண்டனில் முதல் நோயாளியைப் படமெடுத்தார்கள். 1979-இல் அவருக்கும் ஆலன் கார்மக்குக்கும் நோபல் பரிசு கிடைத்தது. மனித உடலைக் கிழிக்காமலே உள்ளே எங்கே எது இருக்கிறது என்று பார்க்க முடிந்த பிறகுதான், பார்த்த இடத்துக்கு ஊசியை நேராகக் கொண்டுபோகும் துணிவு பிறந்தது.

1977-இல் சூரிச் நகரில் ஆண்ட்ரியாஸ் குருயன்ட்சிக் இதயக் குழாயின் அடைப்பைச் சிறு பலூனால் திறந்தார். அன்று அது உலக அதிசயம். இன்று 'ஆஞ்சியோ' என்ற சொல்லை அறியாத தெரு நம்மிடம் உண்டா? அரசாங்க ஆஸ்பத்திரிகளிலேயே செய்கிறார்கள். செல்வந்தரின் அதிசயம் பொதுமக்களின் வைத்தியமாக மாறிய வழி அது. இதயத்துக்கு நடந்தது கட்டிக்கும் நடக்க வேண்டும் என்பதே நம் வாதம்.

ஊசி என்ன செய்கிறது?

மூன்று வழிகளைத் தெரிந்துகொண்டால் போதும்.

முதல் வழி, சூடு. சி.டி. ஸ்கேனிலோ அல்ட்ராசவுண்டிலோ கட்டியைப் பார்த்துக்கொண்டே ஊசியை அதன் நடுவில் நிறுத்துகிறார்கள். ரேடியோ அலையோ மைக்ரோவேவோ ஊசிமுனையில் சூட்டைக் கிளப்புகிறது. 60 டிகிரியைத் தாண்டினால் உடலின் உயிரணுக்கள் உடனே மடிகின்றன. கட்டியையும் அதைச் சுற்றி ஒரு சிறு வளையத்தையும் சேர்த்துச் சுட்டுவிடுகிறார்கள். வளையத்தை விட்டுவிட்டால் நோய் மீண்டும் தலைதூக்கும்.

இரண்டாம் வழி, குளிர். ஊசிமுனையைக் கடுங்குளிராக்கி, சுழியத்துக்குக் கீழே 40 டிகிரியையும் தாண்டிக் கட்டியை உறைய வைக்கிறார்கள். உறைந்த பனிக்கட்டி உருண்டை ஸ்கேன் படத்தில் தெளிவாகத் தெரியும். எதுவரை உறைந்தது, பக்கத்து உறுப்பைத் தொடுகிறதா என்று கண்ணால் பார்த்தே வேலை செய்யலாம்.

மூன்றாம் வழி, பட்டினி போடுவது. இது கல்லீரலில் அதிகம் பயன்படுகிறது. கல்லீரலுக்கு இரண்டு வழியாக ரத்தம் வருகிறது. நல்ல ஈரல் தனக்கு வேண்டியதில் ஏறத்தாழ முக்கால் பங்கைக் குடலிலிருந்து வரும் பெரிய சிரை வழியே பெறுகிறது. ஈரல் புற்றுக்கட்டியோ தன் தீனியைப் பெரும்பாலும் தமனி வழியே எடுத்துக்கொள்கிறது. எனவே தொடைச் சந்திலிருந்தோ மணிக்கட்டிலிருந்தோ குழாயைச் செலுத்தி, கட்டிக்குப் போகும் தமனிக் கிளையைத் தேடிப் பிடித்து, புற்றுநோய் மருந்தை அங்கேயே கொட்டி, பின் அந்தக் கிளையை அடைத்துவிடுகிறார்கள். ஈரலின் மற்ற பகுதி பிழைத்திருக்கிறது. கட்டி பட்டினியில் வாடுகிறது. தகுந்த நோயாளிகளுக்கு இம்முறை ஆயுளை நீட்டுகிறது என்று பார்சிலோனாவிலும் ஹாங்காங்கிலும் செய்த ஆய்வுகள் 2002-இல் காட்டின.

சிக்கலான கட்டிகளில்தான் மருத்துவரின் கைத்திறன் தெரிகிறது. கட்டி குடலை ஒட்டியிருந்தால், சூடு குடலைத் துளைத்துவிடும். அதற்காக இரண்டுக்கும் நடுவில் மற்றோர் ஊசியால் திரவத்தைச் செலுத்திக் குடலை விலக்கி வைக்கிறார்கள். பெரிய ரத்தக் குழாயை ஒட்டியிருந்தால், ஓடும் ரத்தம் சூட்டை அடித்துக்கொண்டு போய்விடும். கட்டியின் ஓரம் வேகாமல் தப்பும். அங்கே மைக்ரோவேவோ வேறு முறையோ தேவைப்படும். கட்டி சற்றுப் பெரிதானால் முதலில் பட்டினி போட்டு, பிறகு சுடுகிறார்கள். நோயைத் தீர்க்க முடியாத நிலையிலும் ஊசிக்கு வேலை உண்டு. எலும்புக்குப் பரவிய புற்றின் தாங்க முடியாத வலியை, அந்த இடத்தைச் சுட்டு, அரித்துப்போன எலும்பில் மருத்துவச் சிமெண்டை நிரப்பிக் குறைக்கிறார்கள். கட்டி பித்தக் குழாயை நெரித்து மஞ்சள் காமாலை ஏறினால், விலாவின் கீழே ஒரு குழாய் வைத்துப் பித்தத்தை வடிக்கிறார்கள். நிம்மதியாக உறங்கும் சில மாதங்களும் வாழ்க்கைதான்.

குழந்தைகளுக்கும் இளைஞர்களுக்கும் வரும் ஓர் எலும்புக் கட்டியையும் சொல்ல வேண்டும். 'ஆஸ்டியாய்ட் ஆஸ்டியோமா' என்று பெயர். புற்றுநோய் அல்ல. கடலைப் பருப்பளவே இருக்கும். ஆனால் இரவெல்லாம் காலைக் குடையும். முன்பு எலும்பை வெட்டி எடுத்தார்கள்; பிள்ளை வாரக்கணக்கில் காலை ஊன்றாமல் கிடக்கும். இன்று சி.டி. ஸ்கேன் பார்த்து ஊசியால் சுட்டுவிட்டால், பெரும்பாலான பிள்ளைகள் ஓரிரு நாளில் நடக்கிறார்கள். வளர்கிற வயது வலி என்று வருடக்கணக்கில் தைலம் தேய்க்கிற பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும். இரவில் மட்டும் ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் வரும் வலியை எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.

எதற்கு ஆகாது?

நம் மக்களிடம் பொய் நம்பிக்கையை விற்பவர்கள் ஏராளம். ஆகவே இதையும் திறந்து சொல்லிவிட வேண்டும்: ஊசி எல்லாக் கட்டிக்கும் மருந்தல்ல.

கல்லீரலிலும் நுரையீரலிலும் 3 செ.மீ. வரையுள்ள கட்டிகளில், எண்ணிக்கையும் குறைவாக இருக்கும்போது, சுடும் முறை நன்கு பலிக்கிறது. சிறுநீரகத்தில் 4 செ.மீ. வரை முயல்கிறார்கள். அதற்கு மேல் போகப் போகப் பலன் குறைகிறது. உடலெங்கும் பரவிவிட்ட புற்றை ஊசியால் துடைத்தெறிய முடியாது. அதற்கு மருந்து வேண்டும். பல கட்டிகளுக்கு இன்றும் கத்தியே சிறந்தது. ரத்தக் கசிவு, சீழ், பக்கத்து உறுப்புக் காயம் ஆகிய ஆபத்துகள் ஊசியிலும் உண்டு. சுட்ட இடத்தில் நோய் திரும்புகிறதா என்று மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் ஸ்கேன் எடுத்துப் பார்க்கவும் வேண்டும்.

அதற்காக ஊசியை இரண்டாந்தரம் என்று தள்ளிவிடவும் முடியாது. குடலிலிருந்து கல்லீரலுக்குப் பரவிய, 3 செ.மீ.க்கு மேற்படாத சிறு கட்டிகளில் கத்தியையும் சூட்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட 'கொலிஷன்' என்ற ஆய்வின் முடிவு 2024-இல் வெளிவந்தது. நெதர்லாந்து மருத்துவர்கள் முன்னின்று நடத்தியது. சூட்டு முறை பெற்றவர்களின் ஆயுள் குறையவில்லை; சிக்கல்களும் ஆஸ்பத்திரி நாட்களும் குறைந்தன. தகுந்த இடத்தில் ஊசி, கத்திக்குச் சமமாக நிற்கிறது.

எது தகுந்த இடம் என்று முடிவு செய்வது யார்? அறுவை மருத்துவர், மருந்து மருத்துவர், கதிர்வீச்சு மருத்துவர், ஊசி வைத்தியம் செய்யும் கதிரியல் மருத்துவர் ஆகியோர் கூடி உட்கார்ந்து ஒரே நோயாளியின் படங்களைப் பார்த்துப் பேசி முடிவெடுக்க வேண்டும். பெரிய புற்றுநோய் மருத்துவமனைகளில் இத்தகைய குழு உண்டு. 'டியூமர் போர்டு' என்பார்கள். "கத்தியில்லை, ரத்தமில்லை, ஒரே நாளில் புற்று மாயம்" என்று சுவரில் எழுதி அழைப்பவனிடம் அது இருக்காது. தரகர் வார்த்தையைக் கேட்டு நிலத்தை விற்கும் முன், அத்தகைய குழு உள்ள ஆஸ்பத்திரியில் ஒரு முறை காட்டுங்கள்.

கூலிக் கணக்கு

ஓர் உதாரணக் கணக்குப் போடுவோம். நாளொன்றுக்கு 700 ரூபாய் வாங்கும் கட்டிடத் தொழிலாளி ஒருவர். வயிற்றைத் திறந்து செய்யும் ஈரல் அறுவைக்குப் பின் பாரம் தூக்கும் வேலைக்குத் திரும்ப இரண்டு மாதம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். வேலை நாட்கள் 50 போயின. இழந்த கூலி 35,000 ரூபாய். அதே கட்டி ஊசிக்குப் பொருந்தி, 10 வேலை நாட்களில் அவர் திரும்பினால் இழப்பு 7,000 ரூபாய். வித்தியாசம் 28,000. ஆஸ்பத்திரியில் கூட இருக்கும் மனைவியின் வீட்டுவேலைக் கூலியையும் சேர்த்தால் இன்னும் ஏறும். உடலைக் குறைவாகக் காயப்படுத்தும் வைத்தியம், குடும்பத்தையும் குறைவாகக் காயப்படுத்துகிறது.

ஆனால் சிகிச்சைச் சீட்டை மட்டும் பார்த்தால் ஊசி விலை உயர்ந்ததாகத் தெரியும். ஊசி ஒரு முறை மட்டும் பயன்படுத்தக்கூடியது. பல்லாயிரம் ரூபாய் விலை. பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வருவது. அரசும் காப்பீட்டு நிர்வாகமும் இந்தச் சீட்டை மட்டுமே பார்க்கின்றன. இழந்த கூலியின் கணக்கைப் போட்டுப் பார்க்கும் மேசை எதுவும் அங்கே இல்லை. அந்தக் கணக்கை எழுதிக் கொண்டுபோய் அவர்கள் மேசையில் வைக்க வேண்டியது சங்கங்களின் வேலை.

அட்டை எல்லையில் நிற்கிறது

நம் நிலைமை இன்னும் கடினம். ஏனெனில் நாம் இரண்டு மாநிலத்துக்கும் பாதிப் பாதி. குடும்ப அட்டை திருநெல்வேலியிலோ சேலத்திலோ விழுப்புரத்திலோ, உழைப்பு இங்கே, நோயும் இங்கே.

'ஒரே நாடு ஒரே ரேஷன்' திட்டம் 2019-இல் தொடங்கி, 2022-க்குள் எல்லா மாநிலங்களையும் எட்டியது. அதாவது அரிசியும் கோதுமையும் எல்லை தாண்டிவிட்டன. வைத்தியம் அப்படித் தாண்டியதா? 2018 செப்டம்பரில் வந்த ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. 2011 கணக்கெடுப்பின் அடிப்படையில் மத்தியப் பட்டியலில் வந்த குடும்பம், திட்டத்தில் சேர்ந்த பிற மாநில மருத்துவமனையிலும் இதைப் பயன்படுத்தலாம். 2024 அக்டோபர் முதல் 70 வயது நிரம்பியவர்களுக்கு வருமான வரம்பு பாராமல் இந்த உரிமை விரிந்தது. நம் வீட்டுப் பெரியவர்களுக்கு அட்டை எடுத்தாயிற்றா?

ஆனால் தமிழ்நாட்டில் 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக நடக்கும் திட்டத்தில், மாநிலம் தன் செலவில் சேர்த்த குடும்பங்களும் உண்டு. அவர்களுக்கு எல்லை தாண்டினால் அதே உரிமை தானாகக் கிடைத்துவிடாது. மகாராஷ்டிரத்தின் மகாத்மா ஜோதிபா புலே திட்டமோ இம்மாநிலக் குடும்ப அட்டையை அல்லது குடியிருப்புச் சான்றைக் கேட்கிறது. இரண்டு அரசும் நம் வாக்கைக் கேட்கின்றன. நம் நோயை மட்டும் ஒன்று மற்றொன்றின் பக்கம் தள்ளுகிறது!

மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுவரப்படும் தொழிலாளருக்கு இலவச மருத்துவ வசதி செய்து தருவது ஒப்பந்தக்காரரின் கடமை என்று 1979-ஆம் ஆண்டுச் சட்டமே சொன்னது. சொன்னது, நடந்ததை நாம் அறிவோம். தொழிற்சாலையில் வேலை செய்வோர் இ.எஸ்.ஐ.யில் பதிவாகியிருக்கிறார்களா என்று பாருங்கள். போதிய காலம் சந்தா கட்டிய தொழிலாளிக்குப் புற்றுநோய் வந்தால், வைத்தியத்தோடு கூலியில் 80 விழுக்காட்டை இரண்டு ஆண்டு வரை உதவித்தொகையாகப் பெற வழி இருக்கிறது. முன்னர் சொன்னோமே, எந்தச் சீட்டிலும் எழுதாத இரண்டாம் பங்கு என்று. அதை ஓரளவேனும் ஈடுகட்டும் ஏற்பாடு இது. பதிவு செய்யாமல் ஏய்க்கும் முதலாளி, தொழிலாளி நோயில் விழும் நாளில்தான் அகப்படுகிறார்; அப்போது காலம் கடந்திருக்கும்.

கட்டி சிறிதாயிருக்க வேண்டுமே!

இன்னொரு உண்மையும் உண்டு. ஊசிக்குச் சிறிய கட்டி வேண்டும். சிறிய கட்டி வலிக்காது, தேடினால்தான் அகப்படும். ஆண்டுதோறும் உடம்பைச் சோதித்துக்கொள்ளும் வசதி உள்ளவருக்குக் கட்டி 2 செ.மீ. இருக்கும்போதே தெரிந்துவிடுகிறது. நம் ஆள் வயிறு உப்பி, கண் மஞ்சளாகி, வேலைத்தளத்தில் விழுந்த பிறகு போகிறான். அப்போது கட்டி ஊசியின் எல்லையைத் தாண்டியிருக்கும். "உனக்கு இது ஆகாது" என்று மருத்துவர் சொல்வது உண்மைதான். ஆகாத நிலைக்கு அவனைக் கொண்டுவந்து நிறுத்தியது எது என்ற கேள்விக்கு மருத்துவப் புத்தகத்தில் விடை இல்லை.

ஈரல் புற்றுக்கு மஞ்சள் காமாலைக் கிருமிகளான ஹெபடைட்டிஸ் பி, சி ஆகியவையும் குடியும் முக்கிய காரணங்கள். பி கிருமிக்குத் தடுப்பூசி உண்டு. அரசின் தடுப்பூசித் திட்டத்தில் 2002 அளவில் சில இடங்களில் தொடங்கி, 2011-க்குள் நாடெங்கும் வந்துவிட்டது. பிள்ளை பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி போட வேண்டும். 2018-இல் தொடங்கிய தேசிய ஹெபடைட்டிஸ் ஒழிப்புத் திட்டத்தில் சோதனையும் மருந்தும் இலவசம். ஈரல் சுருங்கியவர்களும், மருத்துவர் சொல்லும் பி கிருமி உள்ளவர்களும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை அல்ட்ராசவுண்ட் எடுக்க வேண்டும். இது பெரிய இயந்திரம் கேட்கும் வேலையா? நகராட்சி ஆஸ்பத்திரியில் வரிசையைச் சுருக்கினால் போதும்.

விலை குறையாதா?

குறைத்துக் காட்டிய நாடு இது. ஈரல், சிறுநீரகப் புற்றுக்கான 'நெக்ஸாவர்' மாத்திரையை ஓர் அந்நிய நிறுவனம் மாதத்துக்கு ஏறத்தாழ 2,80,000 ரூபாய்க்கு விற்றது. 2012 மார்ச்சில் இந்தியக் காப்புரிமை அதிகாரி கட்டாய உரிமம் வழங்கி, ஐதராபாத்தின் நாட்கோ நிறுவனம் அதை ஏறத்தாழ 8,800 ரூபாய்க்கு விற்க வழி செய்தார். 2017 பிப்ரவரியில் இதயத்தில் வைக்கும் ஸ்டென்டுக்கு அரசு உச்ச விலை வைத்தது. ஒரு லட்சத்தைத் தாண்டி விற்ற மருந்து பூசிய ஸ்டென்ட் 29,600 ரூபாய்க்கு இறங்கியது. 2020 ஏப்ரல் முதல் மருத்துவக் கருவிகள் அனைத்தும் சட்டத்தின் கண்ணில் மருந்துகளே. பிறகு, கட்டியைச் சுடும் ஊசிக்கு மட்டும் உச்ச விலை வைக்கக் கை ஏன் நடுங்க வேண்டும்?

2012-இல் உருவான தேசியப் புற்றுநோய் இணையத்தில் நாட்டின் புற்றுநோய் மருத்துவமனைகள் பல சேர்ந்திருக்கின்றன. அவை கூட்டாகப் பேரம் பேசி மருந்து வாங்கி, விலையை வெகுவாக இறக்கிக் காட்டின. மருந்துக்குச் செய்ததை ஊசிக்கும் குழாய்க்கும் செய்யலாம்.

இடமும் பரவ வேண்டும். பரேலில் உள்ள டாட்டா நினைவு மருத்துவமனை 1941-இல் தொடங்கி, 1962 முதல் மத்திய அணுசக்தித் துறையின் கீழ் இருக்கிறது. ஊசிமுனை வைத்தியம் அங்கே உண்டு. பொதுப் பிரிவில் ஏழைகள் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் நாடெங்கிலுமிருந்து வரும் நோயாளிகள் குடும்பத்தோடு அதன் சுற்றுப்புற நடைபாதையில் படுத்துக் கிடக்கும் காட்சியை நாம் அறிவோம். ஒரு மருத்துவமனை ஒரு நாட்டைச் சுமக்க முடியுமா? தங்கையைப் புற்றுநோய்க்குப் பலி கொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் அடையாற்றில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனை தொடங்கினார். தனி ஒரு பெண்மணியின் உறுதி அதைச் செய்தது. இன்று அரசுகளால் ஒவ்வொரு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் ஒரு கதிரியல் ஊசிப் பிரிவை வைக்க முடியாதா? சி.டி. ஸ்கேன் கருவி பல இடங்களில் ஏற்கனவே நிற்கிறது. பயிற்சி பெற்ற மருத்துவரும் ஊசியும் வேண்டும்.

நாம் செய்ய வேண்டியவை

கோரிக்கைகள் நான்கு. ஒன்று, தமிழ்நாட்டுக் காப்பீட்டு அட்டை, தமிழர் உழைக்கும் எல்லா மாநிலங்களிலும் செல்ல இரண்டு அரசுகளும் ஒப்பந்தம் செய்ய வேண்டும். இரண்டு, ஊசிமுனை வைத்தியம் முழுவதும், ஊசியின் விலை உட்பட, காப்பீட்டுப் பட்டியலில் இடம்பெற வேண்டும். மூன்று, அந்த ஊசிகளுக்கு உச்ச விலை வைக்க வேண்டும். நான்கு, நகராட்சி ஆஸ்பத்திரிகளில் ஈரல் நோயாளிகளுக்கு ஆறு மாத ஸ்கேன் உறுதியாக வேண்டும்.

அரசு செய்யும்வரை சங்கங்கள் கைகட்டி இருக்க வேண்டியதில்லை. கிளைதோறும் ஒரு மாலை ஒதுக்கி, யாரிடம் எந்த அட்டை இருக்கிறது, யாருக்கு இல்லை என்று எழுதி எடுங்கள். மராத்தியும் இந்தியும் தெரிந்த இளைஞர் இருவரை ஆஸ்பத்திரித் துணைக்கு நியமியுங்கள். டாக்டர் சொல்வது புரியாமல் தலையாட்டிவிட்டு வரும் நம் தாய்மார்கள் எத்தனை பேர்!

கட்டி என்று ஒருவருக்குச் சொல்லிவிட்டால், ஆஸ்பத்திரியில் இவற்றைக் கேட்கச் சொல்லுங்கள்: கட்டி எத்தனை செ.மீ.? எத்தனை இடத்தில் இருக்கிறது? பரவியிருக்கிறதா? எல்லா மருத்துவர்களும் கூடிப் பார்த்தார்களா? ஊசி வழியே செய்ய முடியுமா, முடியாதென்றால் ஏன்? எத்தனை நாளில் வேலைக்குத் திரும்பலாம்? ஊசியின் விலை அட்டையில் அடங்குமா? கேட்பது மரியாதைக் குறைவல்ல. நல்ல மருத்துவர் கேட்பவரை மதிப்பார்.

இந்நகரங்களின் மாடிகளை நம் தோள்கள் தூக்கின. அந்த மாடிகளில் இருப்பவருக்கு ஓரிரு நாளில் வீடு திரும்பும் வைத்தியம்; தூக்கியவனுக்கு இரண்டு மாதப் படுக்கையும் வட்டிக் கடனுமா? 82 வயதில் காலைக் கொடுக்க மறுத்த ஒரு கிழவியின் பிடிவாதத்தில் வளர்ந்த வைத்தியம் இது. அந்தப் பிடிவாதத்தில் நூற்றில் ஒரு பங்கு நம் சங்கங்களுக்கு இருந்தால், ஊசி நம் வாசலுக்கும் வரும்.